நாடகத்துக்கு எந்த புரொஜெக்டர், எங்கே வைப்பது? திருகோணமலையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

உவர்மலைக்காற்று:

வணக்கம். நாங்கள் திருகோணமலை டவுனில் இருக்கிற ஒரு சின்ன நாடகக் குழு. ஒரு மணித்தியால நாடகம் ஒன்றுக்கு ஒத்திகை போய்க்கொண்டிருக்கிறது. கதை மூன்று இடங்களில் நடக்கிறது: மூதூர்ப் பக்கம் ஒரு வீடு, துறைமுகம், பிறகு கொழும்புக்குப் போகிற இரவு ரயில். செட் போடக் காசும் இல்லை, ஏற்றி இறக்க வாகனமும் இல்லை. அதனால் பின்னால் வெள்ளைத் திரை கட்டி, படங்களும் கொஞ்சம் வீடியோவும் விழுத்தலாம் என்று முடிவெடுத்தோம்.

மேடை 8 மீற்றர் அகலம், 6 மீற்றர் ஆழம். திரை 4 மீற்றர் அகலம். மேடையின் முன்விளிம்புக்கு நேர் மேலே ஒரு இரும்புக் குழாய் போகிறது, மேடைத் தளத்திலிருந்து ஏறக்குறைய 4 மீற்றர் உயரம். தெரிந்த பாடசாலை ஒன்றில் 3000 லூமன் (லூமன் என்பது புரொஜெக்டர் விடுகிற வெளிச்சத்தின் அளவு) புரொஜெக்டர் இரவல் வாங்கி, மேடைக்கு முன்னால் மேசையில் வைத்துப் போட்டுப் பார்த்தோம். லைட் எல்லாம் அணைத்திருந்தபோது அழகாக இருந்தது. மேடை லைட்டைப் போட்டதும் துறைமுகமே காணாமல் போய்விட்டது. அதோடு யார் நடந்தாலும் திரையில் பெரிய நிழல்.

என் கேள்விகள்: எத்தனை லூமன் வேண்டும்? ஒன்லைனில் "9000 லூமன்" என்று போட்டு மலிவாக ஒன்று விற்கிறார்கள், அது சரிவருமா? முன்னாலிருந்து அடிப்பதா, திரைக்குப் பின்னாலிருந்து அடிப்பதா? லப்டொப்பில் எதை வைத்து ஓட்டுவது?

ஒளிப்பெட்டி:

தங்கச்சி, முதலில் அந்த 9000 லூமனை மறந்துவிடுங்கள். அந்த மாதிரி மலிவுப் பெட்டிகளில் எழுதியிருக்கிற எண்ணுக்கும் திரையில் விழுகிற வெளிச்சத்துக்கும் சம்பந்தம் இருப்பதில்லை. ஆன்சி லூமன் அல்லது ஐ.எஸ்.ஓ. லூமன், அதாவது நியம முறைப்படி அளந்த லூமன், என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இப்போது கணக்கு. லூமனைத் திரையின் பரப்பால் பிரித்தால் ஒரு சதுர மீற்றரில் விழுகிற வெளிச்சம் வரும், அதைத்தான் லக்ஸ் என்கிறோம். உங்கள் திரை 4 மீற்றர் அகலம் என்றால், 16:9 படத்துக்கு உயரம் 2.25 மீற்றர், பரப்பு 9 சதுர மீற்றர். 3000 லூமனை 9 ஆல் பிரித்தால் 333 லக்ஸ். 5000 லூமன் என்றால் 555. நடிகர் முகத்தில் நாம் போடுகிற லைட் சாதாரணமாகவே பல நூறு லக்ஸ் வரும், அதில் கொஞ்சம் திரையில் சிந்தினாலும் படத்தில் கறுப்பாக இருக்கவேண்டிய இடமெல்லாம் சாம்பலாகிவிடும். துறைமுகம் காணாமல் போனது அதனால்தான். ஆகவே லூமனைக் கூட்டுவதற்கு முதல், சிந்துகிற லைட்டைக் குறையுங்கள். அதற்குச் செலவில்லை.

முன்னாலிருந்து நேராக அடிக்கிற லைட்டை அணைத்துவிட்டு, நடிகர்களுக்குப் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்து செங்குத்தாகவும் லைட் போடுங்கள். அப்படிப் போட்டால் மிச்ச வெளிச்சம் எதிர்ப்பக்க விங்ஸிலும் (மேடையின் பக்க ஓரங்கள்) தரையிலும்தான் விழும், திரைக்குப் போகாது. நடிகர்கள் திரையிலிருந்து 2 மீற்றராவது முன்னுக்கு நிற்கட்டும். எங்கள் பக்கத்து மண்டபங்களில் மேடைத் தளம் பெரும்பாலும் வெளிர் நிற டைல்ஸ், அது கண்ணாடி மாதிரி லைட்டை மேலே திருப்பி அடிக்கும். தரையில் கறுப்புத் துணியோ கடும் நிறக் கார்பெட்டோ விரித்தால் படம் அப்படியே எழும்பி வரும், நம்பி செய்து பாருங்கள்.

நிழலுக்கு அந்தக் குழாய் போதும். உங்களிடம் இருப்பது 1.5 எறிவிகிதம் உள்ள புரொஜெக்டர் என்று வைப்போம், அதாவது படத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். 4 மீற்றர் படத்துக்கு 6 மீற்றர். திரையைப் பின்சுவரோடு ஒட்டிக் கட்டினால் குழாய்க்கும் திரைக்கும் சரியாக 6 மீற்றர்! 4 மீற்றர் உயரத்தில் தலைகீழாகக் கட்டுங்கள். 1.7 மீற்றர் உயரமான ஒருவர் திரைக்கு 2 மீற்றர் முன்னால் நின்றால், அவருடைய தலை நிழல் திரையில் வெறும் அரை மீற்றர் உயரத்துக்குத்தான் ஏறும். படத்தின் கீழ் விளிம்பு 1 மீற்றர் உயரத்தில் தொடங்கினால் நிழல் படத்தைத் தொடவே தொடாது. ஆனால் அவர் இன்னும் பின்னுக்கு, திரைப் பக்கமாகப் போகப் போக நிழல் மேலே ஏறும், கைகளை உயர்த்தினாலும் ஏறும், ஆகவே உங்கள் ஆட்களை வைத்தே ஒரு தரம் நடக்கவிட்டுப் பார்த்துவிடுங்கள். கட்டும்போது பிரதான கிளாம்ப் தவிர ஒரு இரும்புக் கம்பியாலும் குழாயோடு சேர்த்துக் கட்டவேண்டும். கீழே ஆட்கள் நடிக்கிறார்கள், இதில் அலட்சியம் கூடாது.

வாவிக்கரை:

நான் மட்டக்களப்பு. ஒளிப்பெட்டி அண்ணை சொன்ன லைட் விஷயம் முழுக்கச் சரி. ஆனால் எறிகிற இடத்தில் எனக்கு வேறு கருத்து. கூத்தோ நவீன நாடகமோ, நம்முடைய ஆட்கள் மேடை முழுக்க ஓடி ஆடுகிறவர்கள். "இந்தக் கோட்டுக்குப் பின்னால் போகாதே" என்று சொன்னால் ஆற்றுகையே இறுகிப்போகும். திரைக்குப் பின்னால் புரொஜெக்டரை வைத்தால் நிழல் என்ற கதையே இல்லை, நடிகர் திரையோடு உரசிக்கொண்டு நிற்கலாம்.

தங்கச்சி, திரையை 2 மீற்றர் முன்னுக்குக் கொண்டுவந்தால் 0.5 எறிவிகிதம் உள்ள ஷோர்ட் த்ரோ (கிட்ட இருந்தே பெரிய படம் விழுத்துகிற) புரொஜெக்டர் ஒன்று போதும். துணி மெல்லியதாக இருக்கவேண்டும், இழுத்துக் கட்டவேண்டும். படத்தை இடம்வலமாகத் திருப்பிப் போடுகிற ரியர் என்ற தெரிவு மெனுவில் இருக்கும். லென்ஸ் பார்வையாளர் கண்ணுக்கு நேரே வந்தால் திரையின் நடுவில் ஒரு பிரகாசமான புள்ளி தெரியும். அதற்கு புரொஜெக்டரைத் தரையிலோ, உயரத்திலோ வைத்து அந்த நேர்கோட்டை உடைக்கவேண்டும்.

ஒன்று மட்டும். சுவரோடு ஒட்டி வைக்கிற அல்ட்ரா ஷோர்ட் த்ரோ வகையைத் துணித் திரைக்கு எடுக்கவேண்டாம். வெளிச்சம் திரையை மிகச் சரிவாகத் தொடுவதால் துணியில் ஒரு சின்னச் சுருக்கம் இருந்தாலும் படம் நெளிந்து தெரியும்.

ஒளிப்பெட்டி:

வாவிக்கரை, பின்னாலிருந்து அடிப்பது எனக்கும் பிடிக்கும், இடமிருந்தால். இங்கே 6 மீற்றர் ஆழமான மேடையில் 2 மீற்றரைப் புரொஜெக்டருக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் 4 மீற்றர்தான் நடிக்க. அதோடு சாதாரணத் துணியில் பாதிக்கு மேற்பட்ட வெளிச்சம் பின்பக்கமாகவே திரும்பிப் போய்விடும், அப்போது 3000 லூமன் நிச்சயமாகக் காணாது. தங்கச்சி, உங்கள் நாடகத்தில் ஆட்கள் எவ்வளவு ஓடுகிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள்.

தம்பலகாமம் டீச்சர்:

நான் பாடசாலை நாடகங்கள் செய்கிறேன், ஓட்டுகிற பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் புரொஜெக்டர் நல்லதாக இருந்தும் நாடகம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

லப்டொப்பை "டுப்ளிகேட்" (இரண்டிலும் ஒரே படம்) இல்லாமல் "எக்ஸ்டெண்ட்" (புரொஜெக்டர் தனித் திரை) முறையில் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மவுஸ் அம்புக்குறி துறைமுகத்தின் மேல் நடந்து திரியும். வட்ஸ்அப், அப்டேட் அறிவிப்புகள், ஸ்கிரீன் சேவர், தூங்கப்போகிற செட்டிங் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். படங்கள் மட்டும் என்றால் பவர்பொயின்ட் போதும், பின்னணி கறுப்பாக இருக்கட்டும். காட்சிகளுக்கு நடுவில் ஒரு கறுப்பு ஸ்லைட் கட்டாயம் வையுங்கள். வீடியோவும் சேர்ந்தால் ஓ.பி.எஸ். என்ற மென்பொருள் இலவசம், ஒவ்வொரு காட்சியையும் தனித்தனியாக அடுக்கி, முழுத்திரை வெளியீட்டைப் புரொஜெக்டருக்கு அனுப்பலாம். ஓரத்தில் படம் வேண்டாத இடத்தைக் கறுப்புச் சதுரங்களால் மறைக்கவும் முடியும். மெக் கணினி வைத்திருப்பவர்கள் கியூலேப் பாவிப்பார்கள், நாடகத்துக்கென்றே செய்த மென்பொருள், ஆனால் விண்டோஸில் ஓடாது.

இன்னொரு விஷயம், இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கறுப்பு ஸ்லைட் போட்டாலும் புரொஜெக்டர் முழுக்க இருட்டாகாது, மேடை இருட்டில் திரையில் ஒரு சாம்பல் சதுரம் தெரிந்துகொண்டே இருக்கும். சாவு வீட்டுக் காட்சி, இருட்டில் ஒரு விளக்கு மட்டும் என்று செய்யும்போது அந்தச் சதுரம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். உண்மையான ஷட்டர் (வெளிச்சத்தை முழுக்க மறைக்கிற மூடி) உள்ள மொடல் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கறுப்பு மட்டை ஒன்றைக் கீல் போட்டு, லென்ஸைத் தொடாமல் கொஞ்சம் முன்னால் தொங்கவிட்டு, நூலால் இழுத்து மூடித் திறக்கலாம். அதற்கென்று ஒரு பிள்ளையை நியமித்து, ஒத்திகையிலேயே பழக்குங்கள். மெனுவில் சிக்னல் இல்லாதபோது நீலத் திரை வருகிற செட்டிங்கையும் கறுப்பாக மாற்றிவிடுங்கள், தொடக்கத்தில் வருகிற கம்பனி லோகோவையும் எடுத்துவிடலாம்.

படங்களைத் தெரிவு செய்யும்போது வானம் நிறைந்த வெள்ளைப் படங்களைத் தவிருங்கள். ரயில் பெட்டிக்கு முழுப் பெட்டியையும் காட்டவேண்டியதில்லை. கறுப்பில் மூன்று யன்னல்கள், யன்னலுக்குள் மட்டும் ஓடுகிற மரங்கள், அது போதும் பார்ப்பவர்களுக்கு. வெளிச்சம் குறைந்த புரொஜெக்டருக்கும் அதுதான் ஒத்துவரும்.

நிலாவெளி சவுண்ட்ஸ்:

நாங்கள் சவுண்ட், லைட் வாடகைக்குக் கொடுக்கிறவர்கள். தங்கச்சி, முதல் மேடையேற்றத்துக்கு வாங்கவேண்டாம், வாடகைக்கு எடுங்கள். 5000 லூமனுக்கு மேல் உள்ளவை கலியாண மண்டபங்களுக்குக் கொடுக்கிறவர்களிடம் இருக்கும், சில தேவாலயங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். எடுக்கும்போது எறிவிகிதத்தைக் கேளுங்கள், லென்ஸ் ஷிஃப்ட் (புரொஜெக்டரைச் சரிக்காமல் லென்ஸை நகர்த்திப் படத்தை நகர்த்துவது) இருக்கிறதா என்றும் கேளுங்கள். சரிவாக விழுந்த படத்தை கீஸ்டோன் என்ற மெனுத் தெரிவால் நேராக்கினால் படத்தின் ஒரு பகுதியும் வெளிச்சமும் வீணாகும், லென்ஸ் ஷிஃப்டில் அந்த நட்டம் இல்லை. டி.எல்.பி., எல்.சி.டி. என்று படம் உருவாக்குகிற முறையில் இரண்டு வகையும் கிடைக்கும். மலிவான டி.எல்.பி. பலவற்றில் வெள்ளைக்குச் சொல்லுகிற லூமன் நிறங்களுக்கு வருவதில்லை. கடல் நீலமும் அந்தி நிறமும் முக்கியம் என்றால் எல்.சி.டி. எடுங்கள்.

வயர்தான் அடுத்த தலைவலி. லப்டொப் மண்டபத்தின் பின்பக்கம், புரொஜெக்டர் மேடைக்கு மேலே என்றால் எப்படியும் 20 மீற்றர் வரும். சாதாரண எச்.டி.எம்.ஐ. வயரை அவ்வளவு தூரத்துக்கு நம்பமுடியாது. எச்.டி.பேஸ்.டி. பெட்டி (எச்.டி.எம்.ஐ. படத்தை நெட்வேர்க் வயரில் அனுப்புகிறது) ஒரு சோடி எடுத்தால் கேட் 6 நெட்வேர்க் வயரில் 1080 படம் 100 மீற்றர் வரைக்கும் போகும்.

கரண்ட் விஷயமும் பாருங்கள். லாம்ப் புரொஜெக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் விசிறியும் நிற்கும், உள்ளே சூடு தங்கும், கரண்ட் வந்தாலும் ஆறும்வரை திரும்ப எரியாது. பார்வையாளர் இருட்டில் காத்திருக்கவேண்டிவரும். புரொஜெக்டரையும் லப்டொப்பையும் யூ.பி.எஸ்ஸில் (கரண்ட் போனால் கொடுக்கிற பற்றரிப் பெட்டி) போடுங்கள். யூ.பி.எஸ்ஸின் வோட்ஸ் புரொஜெக்டர் இழுப்பதைவிடக் கூடவாக இருக்கவேண்டும். லேசர் என்றால் கெதியாகத் திரும்ப எரியும், ஒளிமூலம் 20,000 மணித்தியாலம் என்று குறிப்பிட்டிருப்பார்கள், லாம்ப் என்றால் சில ஆயிரம்தான். பிறகு எப்போதாவது வாங்குவதாக இருந்தால் லேசரைப் பாருங்கள். கடற்காற்றில் உப்பும் ஈரமும் இருக்கு, நிகழ்ச்சி முடிந்ததும் ஃபில்டரைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு பெட்டியில் வையுங்கள். மேடையில் சாம்பிராணியோ புகை மெஷினோ போட்டால் அந்தப் புகை நேராகப் புரொஜெக்டருக்குள் போகாதபடி வைக்கவேண்டும்.

உவர்மலைக்காற்று:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எங்கள் நாடகத்தில் ரயில் காட்சியைத் தவிர வேறெங்கும் ஆட்கள் திரைக்குக் கிட்டப் போவதில்லை, அதனால் குழாயில் கட்டுவது என்று முடிவு. டீச்சர் சொன்ன மூன்று யன்னல் யோசனையை நெறியாளருக்குச் சொன்னேன், அவர் உடனேயே அந்தக் காட்சியைத் திரும்ப எழுதத் தொடங்கிவிட்டார். 5000 லூமன் எல்.சி.டி. ஒன்று வாடகைக்குப் பேசியிருக்கிறோம்.

இன்னும் இரண்டு கேள்வி. பாடசாலைப் பிள்ளைகளுக்காக மத்தியானம் 2 மணிக்கும் ஒரு காட்சி வைக்கவேண்டும், மண்டபத்தில் இரண்டு பக்கமும் யன்னல்கள். அதோடு பிறகு உப்புவெளிக் கடற்கரையிலும் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். இந்த இரண்டும் சரிவருமா?

ஒளிப்பெட்டி:

மத்தியானக் காட்சிக்கு யன்னல்களைக் கறுப்புப் பொலித்தீனை இரண்டு மடிப்பாக மடித்து, வெளிப்பக்கமாக ஒட்டி மூடுங்கள், மேடைக்குக் கிட்டிய யன்னல்களை முதலில். கதவுக்குக் கனமான திரை போடுங்கள், பிந்தி வருகிறவர்கள் திறக்கிற ஒவ்வொரு தடவையும் படம் வெளிறும். ஆனால் யன்னலை மூடினால் உள்ளே பிள்ளைகளுக்கு அவியும். விசிறிகளை முழு வேகத்தில் போடுங்கள், திரை ஆடாதபடி அதன் அடியில் ஒரு பைப்பைக் கோர்த்துப் பாரம் கொடுங்கள். முழு இருட்டு வராவிட்டால் அன்றைக்கு மட்டும் படத்தின் அகலத்தை 3 மீற்றராகக் குறையுங்கள், அதே 5000 லூமன் கிட்டத்தட்ட 990 லக்ஸாகக் கூடும். ஸூம் காணாவிட்டால் புரொஜெக்டரைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவரவேண்டிவரும், அதை முதலே பார்த்துவையுங்கள்.

கடற்கரைக்கு, 7 மணிக்கு முதல் தொடங்கவேண்டாம். கச்சான் காற்று (மேற்குப் பக்கமிருந்து வீசுகிற காற்று) அடிக்கிற மாதங்களில் 4 மீற்றர் துணி நாலு மூலையையும் பிடுங்கிக்கொண்டு போகும், அந்த நேரம் திரையே வேண்டாம் என்பது என் எண்ணம். அங்கே வெள்ளைச் சுவர் உள்ள கட்டடம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், அதிலேயே அடிக்கலாம்.

நிலாவெளி சவுண்ட்ஸ்:

ஜெனரேட்டரைக் காற்று போகிற பக்கமாகத் தூரத்தில் வையுங்கள், சத்தம் வசனத்தை அமுக்கிவிடும். மேடை லைட்டுக்கும் புரொஜெக்டருக்கும் ஒரே ஜெனரேட்டர் என்றால் இடையில் யூ.பி.எஸ். கட்டாயம் வேண்டும், டிம்மரைக் கூட்டிக் குறைக்கும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். சுவரைப் பார்க்க இருட்டின பிறகு ஒரு நாள் போங்கள், தெருவிளக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று அப்போதுதான் தெரியும்.