எது ஐம்பது? கார்க் கண்ணாடிக்கு ஒரு சொல் வேண்டும்

இரா.செ., திருச்சி:

அனைவருக்கும் வணக்கம். ஐடிஐ மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்காக ஒரு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989), விதி 100: முன், பின் கண்ணாடிகளுக்குக் குறைந்தது 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளுக்கு 50 சதவீதம் 'விஷுவல் லைட் டிரான்ஸ்மிஷன்' வேண்டும். அதாவது, விழும் வெளிச்சத்தில் அத்தனை பங்காவது கண்ணாடியைக் கடந்து வர வேண்டும். போன வருடம் இதை 'ஒளி அளவு' என்று எழுதி வைத்தேன். தேர்வில் பாதிப் பேர் "முன்கண்ணாடி 70 சதவீதம் கருப்பாக இருக்கலாம்" என்று எழுதிவிட்டார்கள். பையன்களைத் திட்ட மனம் வரவில்லை. ஸ்டிக்கர் கடையில் "அம்பது ஒட்டவா, இருபது ஒட்டவா" என்று கேட்டால், எண் இறங்க இறங்கக் கருப்பு ஏறும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? சொல்லைப் பார்த்ததுமே எது ஐம்பது என்று விளங்க வேண்டும். அப்படியே, கண்ணாடிக்குக் கருநிறம் ஏற்றும் 'டின்ட்' என்பதற்கும் ஒன்று சொல்லுங்கள்.

மு.க., மதுரை:

ஐயா, சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. சன்னலைச் சிலம்பு 'மான்கட் காலதர்' என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர் என்றால் ஒளி வரும் வழி ஒளியதர். வள்ளுவரும் 'ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்' என்றார் (594). 'ஒளியதர் விழுக்காடு' என்று எழுதுங்கள். சதவீதமும் வேண்டாம், அது வடசொல்.

த.ப., சென்னை:

மு.க. ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. மாணவன் 'அதர்' என்பதை அகராதியில் தேடி முடிப்பதற்குள் சிக்னல் விழுந்துவிடும். தவிர, அதர் என்பது வழி. இங்கே கேட்பது அந்த வழியில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு. பாதையின் பெயரைச் சுங்கச்சாவடிக் கணக்குக்கு வைக்கலாமா?

ஒளி புகும் பொருள், ஒளி புகாப் பொருள் என்று பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறார்கள். அதை ஒட்டி 'ஒளிபுகு விகிதம்' போதும். டின்ட் விஷயத்தில் மக்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள்: கூலிங் பிலிம், கூலிங் கிளாஸ். 'குளிர்கண்ணாடி' என்று வைத்தால் யாரும் பொருள் கேட்க மாட்டார்கள்.

சி.ந., யாழ்ப்பாணம்:

'புகு' என்பதில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. புகுதல் என்றால் உள்ளே போதல் மட்டுந்தான். கண்ணாடிக்குள் புகுந்த ஒளி முழுவதும் மறுபக்கம் வருவதில்லை. ஒரு பங்கு உள்ளேயே உறிஞ்சப்பட்டுக் கண்ணாடியைச் சூடாக்கிவிட்டு நின்றுவிடும். வாசலால் வந்தவர் எல்லோரும் கொல்லைப் பக்கத்தால் வெளியேறினார்கள் என்று கொள்ளலாமோ? நாங்கள் பள்ளியில் 'ஊடுகடத்தல்' என்று படித்தோம். நீங்கள் எதிரொளிப்பு என்பது எங்களுக்குத் தெறிப்பு, உங்கள் விலகல் எங்களுக்கு முறிவு. அதற்காகச் சண்டைக்கு வரவில்லை. 'ஊடு' என்ற சொல்லையாவது வைத்திருங்கள்.

வெ.ர., கோவை:

சி.ந. சொல்வது மிகச் சரி. நான் கண்ணாடித் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். விழும் ஒளி நூறு என்றால் பட்டுத் திரும்புவது, உள்ளே தங்குவது, கடந்து போவது, மூன்றும் சேர்ந்து நூறு. தெளிவான கண்ணாடியே ஒவ்வொரு முகத்திலும் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பிவிடும். ஆகவே எதுவும் ஒட்டாத கண்ணாடியிலும் நூறு வராது.

மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் செய்து காட்டுங்கள். 70 கடத்தும் கண்ணாடியில் 70 கடத்தும் படலத்தை ஒட்டினால் என்ன வரும்? பட்டறையில் கேட்டால் ஒருவர் எழுபது என்பார், ஒருவர் நாற்பது என்பார். பெருக்க வேண்டும்: 49. பக்கக் கண்ணாடிக்கான வரம்புக்கு ஒன்று குறைவு! "லேசான பிலிம்தானே சார்" என்று ஒட்டிக்கொண்டு போனவர் ஒளி அளக்கும் மீட்டரில் மாட்டுவது இந்த ஒன்றில்தான்.

அப்புறம், 'குளிர்கண்ணாடி' வேண்டவே வேண்டாம் அம்மா. வெயிலின் ஆற்றலில் பாதிக்குப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கருப்பாக இருந்தால் அது தடுபடும் என்று விதியில்லை. மலிவான சாயப் படலம் கண்ணை இருட்டிவிட்டுச் சூட்டை உள்ளே விடும். நேர்மாறாக, கார்க் கண்ணாடியின் ஓரத்தைப் பாருங்கள், இளம்பச்சை தெரியும். அது இரும்பின் நிறம். அந்தக் கண்ணாடி வெளிச்சத்தைத் தாராளமாக விட்டு அகச்சிவப்பில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. கருப்பு என்றால் குளிர்ச்சி என்ற தப்புக்கணக்கைக் 'கூலிங்' என்ற சொல்தான் பரப்பியது. அதைத் தமிழாக்கி நாமும் பரப்புவானேன்?

த.ப., சென்னை:

குளிர்கண்ணாடியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சரி, டின்டுக்கு 'நிழற்கண்ணாடி'?

மு.க., மதுரை:

நிழலுக்கு ஒளி என்றும் பொருள் உண்டு, அம்மா! நிகண்டுகளைப் பாருங்கள். நிழற்கண்ணாடி என்றால் ஒளிரும் கண்ணாடி என்று படிப்பவனும் இருப்பான். 'கண்ணாடி'யே குழப்பம்தான். மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, காரில் பின்னால் வருவதைப் பார்ப்பதும் கண்ணாடி. 'பக்கக் கண்ணாடி 50 சதவீதம்' என்றால் பையன் எதை நினைப்பான்? கடந்து காட்டுவதற்குப் பளிங்கு என்ற சொல் இருக்கிறதே. 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' (706). பக்கத்தில் இருப்பதன் நிறத்தைத் தன் வழியே காட்டுவது.

இரா.செ., திருச்சி:

ஐயா, எங்கள் ஊரில் பளிங்கு என்றால் தரையில் பதிக்கும் மார்பிள். காருக்கு மார்பிள் பதிக்கச் சொன்னேன் என்று என்னை அனுப்பிவிடுவார்கள். ஆனால் பக்கக் கண்ணாடி பற்றிச் சொன்னது நியாயம். 'கதவுக் கண்ணாடி' என்று மாற்றிவிட்டேன்.

சி.ந. அவர்களின் ஊடு, பள்ளிக்கூட ஒளி, இரண்டையும் சேர்த்து 'ஊடொளி' என்றால்? முன்கண்ணாடி ஊடொளி 70 சதவீதம்.

மு.க., மதுரை:

ஊடொளியை வினைத்தொகையாக விரித்துப் பாருங்கள். ஊடிய ஒளி, ஊடுகின்ற ஒளி, ஊடும் ஒளி. வெளிச்சம் யாரோடு பிணங்கிக்கொண்டு நிற்கிறது?

சி.ந., யாழ்ப்பாணம்:

கறுப்புப் படலம் ஒட்டினால் பிணங்காமல் என்ன செய்யும்! எனக்கு ஊடொளி சம்மதம்.

வெ.ர., கோவை:

எனக்கும் சரி. டின்டுக்கு ஒரே சொல் தேடாதீர்கள், இரண்டு வேண்டும். உருக்கும்போதே நிறம் கலந்தது வேறு, பிறகு ஒட்டியது வேறு. 27.4.2012 அன்று உச்ச நீதிமன்றம் ஒட்டுவதைத்தான் தடுத்தது. ஊடொளி எத்தனை இருந்தாலும் ஒட்டக் கூடாது என்றது. தயாரிப்பிலேயே நிறமுள்ள கண்ணாடியின் ஊடொளி 70, 50 வரம்புக்குக் குறையாமல் இருந்தால் தடையில்லை. 'நிறக்கண்ணாடி', 'ஒட்டுப்படலம்' என்று பிரித்து எழுதுங்கள்.

இரவைப் பற்றியும் நாலு வரி சேருங்கள். வெளிச்சம் பாதியானால் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது, சற்றே மங்கினதாகத்தான் தெரியும். ஆபத்து அதில்தான். ஓட்டுபவர் "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்பார். எதிர் விளக்கும் கடைப் பலகையும் தெரியத்தான் செய்யும். விளக்கில்லாத சைக்கிளில் கருப்புச் சட்டையோடு வருகிறவர்தான் காணாமல் போவார். பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாததற்கும் இரவில் உள்விளக்கைப் போட்டால் எல்லாம் தெரிவதற்கும் ஒரே காரணம்: வெளிச்சம் எந்தப் பக்கம் கூட என்பது.

த.ப., சென்னை:

ஊடொளிக்கு என் ஓட்டு. முழு மனதோடு இல்லை, மணி பதினொன்று ஆகிவிட்டது. முதல் இடத்தில் மட்டும் 'கண்ணாடியைக் கடந்து வரும் ஒளி' என்று விரித்து எழுதிவிடுங்கள் ஐயா.

இரா.செ., திருச்சி:

அப்படியே எழுதினேன். இன்று மூன்று மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். இருவர் 70 எது என்று சரியாகச் சொன்னார்கள். மூன்றாமவன், "ஊடொளின்னா ஊடகத்துல வர்ற ஒளியா சார், டிவி மாதிரி?" என்றான். இருந்தாலும் கருப்பு என்று மூவரும் சொல்லவில்லை. அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

மு.க., மதுரை:

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பில் 'ஒளியதர்' என்று அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

வெ.ர., கோவை:

இப்போது விதி 100-இல் திருத்தம் வந்து 'சேஃப்டி கிளேசிங்' என்று, உள்முகத்தில் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியையும் சேர்த்துக்கொள்ளும் ஒன்று நுழைந்திருக்கிறதே, அதற்கு என்ன சொல் வைத்தீர்கள்?