நீரின் அழுத்தத்தால் எண்ணெயைச் சேமித்து வெளியேற்றும் முறை: தொட்டிக்குள் தண்ணீரை ஏன் விட வேண்டும்?

கேள்வி
எழுதியவர்: பாய்மவியல் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் கல்லூரி ஒன்றில் பாய்மவியல் நடத்துகிறேன். மிதப்பு விசையைப் பற்றிய பாடத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் டீசல் தொட்டியின் அடிப்பகுதிக்குள் கடல்நீரை விட்டு, அந்த நீரின் அழுத்தத்தாலேயே டீசலை மேல்வழியாக வெளியே தள்ளினார்கள் என்று எடுத்துக்காட்டாகச் சொன்னேன். அப்போது ஒரு மாணவி கேட்ட கேள்வி வகுப்பு முழுவதையும் பற்றிக்கொண்டது. அவருடைய தந்தை பெட்ரோல் பங்க் ஒன்றில் பணிபுரிகிறார். அங்கே நாள்தோறும் அளவுகோலின் முனையில் வாட்டர் பேஸ்ட்டைத் தடவித் தொட்டிக்குள் இறக்கி, அடியில் நீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நிறம் மாறினால் விற்பனையையே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு விரற்கடை நீருக்கே இவ்வளவு அஞ்சும்போது, கப்பலில் தொட்டி நிறையக் கடல்நீரை வேண்டுமென்றே விடுவது எப்படிச் சரியாகும் என்பதுதான் கேள்வி.

காலியாகும் இடத்தைக் காற்றே நிரப்பும்படி விட்டுவிட்டு, எண்ணெயைப் பம்பால் உறிஞ்சி எடுப்பதில் என்ன குறை? நீர் எஞ்சினுக்குள் போகாமல் எப்படித் தடுக்கிறார்கள்? இந்த முறை நிலத்தில் எங்கேனும் வழக்கத்தில் உள்ளதா? கப்பல் துறையிலோ எண்ணெய்த் துறையிலோ பணிபுரிந்தவர்கள் விளக்கினால் மாணவர்களிடம் அப்படியே படித்துக் காட்டுவேன்.

மறுமொழி 1
எழுதியவர்: கப்பல் பொறியாளர்

ஆசிரியருக்கு வணக்கம். நான் வணிகக் கப்பல்களில் எஞ்சின் அறையில் பணிபுரிந்தவன். நீர்மூழ்கியில் பணியாற்றியதில்லை; ஆயினும் அவற்றின் எரிபொருள் அமைப்பை விரும்பிப் படித்திருக்கிறேன்.

நீங்கள் குறிப்பிடும் கப்பல்களுக்கு இரண்டு ஓடுகள் உண்டு. ஆட்களும் எந்திரங்களும் இருக்கும் உள்ஓடு, ஆழ்கடலின் அழுத்தத்தைத் தாங்கும் வகையில் தடித்த எஃகால் ஆனது. அதைச் சுற்றியுள்ள வெளிஓடு மெல்லியது. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் டீசல் தொட்டிகள் இருந்தன. பத்து மீட்டர் ஆழத்திற்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும் என்பது உங்கள் மாணவர்களுக்குத் தெரியும். அப்படியானால் 100 மீட்டர் ஆழத்தில் வெளிஓட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் நூறு டன் எடைக்குச் சமமான விசை அழுத்துகிறது. உள்ளே பாதி டீசலும் பாதி காற்றும் இருந்தால் காற்று சுருங்கிவிடும், மெல்லிய ஓடு நசுங்கிவிடும். தொட்டி எப்போதும் திரவத்தால் நிறைந்திருந்து, அந்தத் திரவம் கடலோடு தொடர்பில் இருந்தால், உள்ளே உள்ள அழுத்தமும் வெளியே உள்ள அழுத்தமும் ஏறத்தாழச் சமமாகிவிடும். ஓடு தாங்க வேண்டிய சுமை மிகச் சிறிதாகிவிடும். எண்ணெயைத் தள்ளுவது நீர் செய்யும் இரண்டாவது வேலை. தொட்டியைக் காப்பதே அதன் முதல் வேலை.

எண்ணெய் எஞ்சினுக்குப் போகும் வழியும் இதற்கேற்றபடிதான் அமைந்திருந்தது. கப்பலின் மேற்பகுதியில், உயரமான இடத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கும். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வரும் கடல்நீர் அந்தப் பெட்டியின் வழியே வந்து, குழாயில் இறங்கி, டீசல் தொட்டியின் அடிப்பகுதியை அடையும். பெட்டியின் உயரமே தேவையான அழுத்தத்தைத் தரும். டீசல் தொட்டியின் உச்சியிலிருந்து வெளியேறி, நேரே எஞ்சினுக்குப் போகாமல், சேகரிப்புத் தொட்டி என்ற இடைத்தொட்டிக்குப் போகும். ஏதேனும் ஒரு தொட்டியில் டீசல் தீர்ந்து நீர் மேலே ஏறிவிட்டாலும், அந்த நீர் இங்கே அடியில் தங்கிவிடும். அதன் பிறகு டீசல் பியூரிஃபையர் என்னும் சுழல் பிரிப்பானுக்குள் செல்லும். மிக வேகமாகச் சுழலும் அந்தக் கிண்ணத்தில் கனமான நீர்த்துளிகளும் கசடும் வெளிப்புறமாக ஒதுங்கிவிடும். இப்படித் தூய்மையான டீசலைத் தூய எரிபொருள் தொட்டியில் நிரப்பி, அங்கிருந்துதான் எஞ்சினுக்கு எடுத்தார்கள். பெட்ரோல் பங்க்கில் தொட்டிக்கும் வண்டிக்கும் இடையே இத்தகைய பிரிப்பான் கிடையாது. அங்கே நீருக்கு அவ்வளவு அஞ்சுவது முற்றிலும் நியாயம் என்று உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள்.

இந்த முறையில் வகுப்பறைக்கு மிகவும் ஏற்ற ஒரு விளைவு உண்டு. சாதாரணக் கப்பலில் எரிபொருள் தீரத் தீரக் கப்பல் இலேசாகும். இங்கே நேர்மாறு. ஒரு கன மீட்டர் டீசலின் நிறை சுமார் 840 கிலோ. அதன் இடத்தில் வரும் கடல்நீரின் நிறை 1,025 கிலோ. ஒவ்வொரு கன மீட்டர் டீசலை எரிக்கும்போதும் கப்பல் 185 கிலோ கனமாகிறது. 100 கன மீட்டர் எரித்தால் பதினெட்டரை டன். மூழ்கிய நிலையில் மேலும் போகாமல் கீழும் போகாமல் நிற்க வேண்டிய கலத்துக்கு இது பெரிய வேறுபாடு என்பதால், கணக்கிட்டு, அதே அளவு நீரைச் சமநிலைத் தொட்டிகளிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருப்பார்கள். காற்று நிரம்பினால் 840 கிலோ இழப்பு, நீர் நிரம்பினால் 185 கிலோ கூடுதல் என்று ஒப்பிட்டால், நீர் முறையில் சரிக்கட்ட வேண்டிய அளவு எவ்வளவு சிறியது என்பதும் விளங்கும்.

பிற்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஸ்ப்ரூயன்ஸ், ஆர்லி பர்க் வகை அழிகப்பல்களிலும் இதே ஏற்பாட்டைச் செய்தார்கள். கீழ்த்தொட்டிகளில் உள்ள எரிபொருள் தீர்ந்து அவ்விடம் காலியானால் கப்பலின் ஈர்ப்பு மையம் மேலேறி நிலைத்தன்மை குறையும் என்பது அங்கே காரணம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மீண்டும் எரிபொருள் நிரப்பும்போது தொட்டியில் இருந்த நீர் முழுவதும் கடலுக்குத் திரும்புகிறது, எண்ணெய்த் தடத்தோடு. வணிகக் கப்பல்களைப் பொறுத்தவரை, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் பன்னாட்டு மார்போல் உடன்படிக்கை இதை ஏற்பதில்லை. 1979 டிசம்பர் 31க்குப் பின் ஒப்படைக்கப்பட்ட கப்பல்களில், எண்ணெய்க் கப்பலானால் மொத்தக் கொள்ளளவு 150 டன்னுக்கும், மற்றவையானால் 4,000 டன்னுக்கும் மேற்பட்டவை, விதிவிலக்கான சூழல் தவிர எரிபொருள் தொட்டியில் பாலாஸ்ட் நீரை, அதாவது கப்பலை நிலைப்படுத்த ஏற்றும் நீரை, ஏற்றக் கூடாது. அந்தத் தடை மிகவும் சரியானது என்பதே என் உறுதியான கருத்து.

மறுமொழி 2
எழுதியவர்: நிலத்தடி

நிலத்தில் உண்டா என்ற கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். உலகின் மிகப் பெரிய அவசரகாலக் கச்சா எண்ணெய் இருப்புகளில் ஒன்றே இந்த முறையில்தான் இயங்குகிறது.

1973ஆம் ஆண்டின் எண்ணெய்த் தடைக்குப் பிறகு, அமெரிக்கா 1975இல் சட்டம் இயற்றித் தனக்கென ஓர் இருப்பை உருவாக்கத் தொடங்கியது. 1977இல் முதல் எண்ணெய் உள்ளே சென்றது. டெக்சாசில் பிரையன் மவுண்ட், பிக் ஹில், லூசியானாவில் வெஸ்ட் ஹேக்பெரி, பாயூ சாக்டா ஆகிய நான்கு இடங்களில் அந்த இருப்பு உள்ளது. தரைக்கு அடியில் மிகப் பெரிய உப்புக் குவிமாடங்கள் இருப்பதால்தான் இந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கிணறு தோண்டி நன்னீரைச் செலுத்தினால் உப்பு கரைந்து வெளியே வரும்; ஏறத்தாழ ஏழு பங்கு நீருக்கு ஒரு பங்கு வெற்றிடம் கிடைக்கும். இப்படிக் கரைத்து உருவாக்கிய குகை ஒன்றின் விட்டம் பொதுவாக 60 மீட்டர், உயரம் 750 மீட்டருக்கு மேல், கொள்ளளவு சுமார் ஒரு கோடிப் பீப்பாய். உப்பு எண்ணெயில் கரையாது. பேரழுத்தத்தில் அது மெல்ல இளகி நகரும் தன்மை உடையதால், விரிசல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும். எஃகுத் தொட்டியில் இவ்வளவு எண்ணெயை வைக்க ஆகும் செலவில் சிறு பகுதியே இதற்குப் போதும்.

எண்ணெயை எடுக்க வேண்டும்போது குகையின் அடிவரை தொங்கும் குழாய் வழியாக நன்னீரைச் செலுத்துகிறார்கள். மேலே மிதக்கும் எண்ணெய் வெளிக்குழாய் வழியாகத் தரைக்கு ஏறி வருகிறது. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் பம்பை இறக்கிப் பழுது பார்க்கும் தொல்லையே இல்லை; பம்புகள் எல்லாம் தரையில், நீரைத் தள்ளும் பக்கத்தில் மட்டும் இருக்கின்றன.

மாணவர்களுக்காக ஒரு கணக்கு. குகையின் அடி 1,200 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகவும், அது முழுவதும் எண்ணெயால் நிறைந்திருப்பதாகவும் கொள்வோம். எண்ணெயின் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.85. தொங்கும் குழாயில் செறிந்த உப்புநீர் நிற்கிறது. அதன் ஒப்படர்த்தி 1.2. உப்புநீர்க் குழாயின் வாய் தரையில் திறந்திருந்தால், எண்ணெய்க் குழாயின் தலையில் அழுத்தம் எவ்வளவு? 1,200 மீட்டருக்கு 0.35 என்ற வேறுபாடு, ஏறத்தாழ 41 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). பம்பு ஏதும் ஓடாதபோதே எண்ணெய் இந்த அழுத்தத்தோடு வால்வை முட்டிக்கொண்டு நிற்கும். குழாயில் நன்னீர் இருந்தால் வேறுபாடு 0.15 மட்டுமே, அழுத்தம் 18 பாருக்குச் சற்றுக் குறைவு. எண்ணெய் வெளியேறி, நீர்மட்டம் குகைக்குள் 900 மீட்டர் ஆழம்வரை ஏறிவிட்டால், அடியில் சேரும் நீர் உப்பைக் கரைத்துக் கனமாகிவிடுவதால் இந்த அழுத்தம் ஏழு பாரளவுக்கு இறங்கிவிடும். ஓட்டத்தின் உராய்வையும் இந்தக் குறைவையும் ஈடுசெய்யத்தான் பம்பு தேவைப்படுகிறது.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். செலுத்துவது நன்னீர் என்பதால் ஒவ்வொரு முறை எண்ணெயை வெளியேற்றும்போதும் குகைச் சுவர் மேலும் கரைந்து குகை அகலமாகிறது. ஐந்து முறை முழுமையாக வெளியேற்றலாம் என்ற கணக்கில்தான் குகைகளை வடிவமைத்தார்கள். அடுத்தடுத்த குகைகளுக்கு இடையே உள்ள உப்புத் தூண் மெலிந்துவிடக் கூடாதல்லவா?

தொடர் கேள்வி
எழுதியவர்: பாய்மவியல் ஆசிரியர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கர்நாடகத்தின் பாதூரிலும் மங்களூரிலும், ஆந்திரத்தின் விசாகப்பட்டினத்திலும் நம் நாடு கச்சா எண்ணெயைப் பாறைக் குகைகளில் வைத்திருக்கிறது. அங்கேயும் நீரின் அழுத்தத்தைப் பயன்படுத்துவதாகப் படித்தேன். அதுவும் இதே முறைதானா? மேலும், இதை வகுப்பில் செய்து காட்ட எளிய வழி ஏதேனும் உண்டா?

மறுமொழி 3
எழுதியவர்: நிலத்தடி

நீரின் அழுத்தம் அங்கேயும் உண்டு, ஆனால் அதன் வேலை வேறு. பாதூரில் 25 லட்சம் டன், மங்களூரில் 15 லட்சம் டன், விசாகப்பட்டினத்தில் 13.3 லட்சம் டன் கொள்ளளவுள்ள அந்தக் குகைகள் கடினப் பாறையில் வெடிவைத்துக் குடைந்தவை. பாறையில் நுண்விரிசல்கள் இருக்கும். உள்ளே எஃகு உறை கிடையாது. எண்ணெயும் அதன் ஆவியும் அந்த விரிசல்களின் வழியே கசியாமல் இருக்க, குகைக்கு மேலே வரிசையாகத் துளைகள் இட்டு அவற்றில் எப்போதும் நீரை நிரப்பி வைக்கிறார்கள். இதற்கு நீர்த்திரை என்று பெயர். சுற்றுப்பாறையில் உள்ள நீரின் அழுத்தம் குகைக்குள் உள்ள அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருப்பதால், கசிவு என்று ஒன்று நடந்தால் நீர்தான் உள்ளே வரும், எண்ணெய் வெளியே போகாது. உள்ளே வந்த நீர் அடியிலுள்ள குழியில் சேரும். அதைத் தனியே இறைத்துவிடுவார்கள். எண்ணெயை வெளியே எடுப்பது எண்ணெயில் மூழ்கி இயங்கும் பம்புகளே. அங்கே நீர் வேலி. லூசியானாவில் நீர் உந்து விசை.

மறுமொழி 4
எழுதியவர்: கப்பல் பொறியாளர்

கடலில் எண்ணெய் எடுக்கும் இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துபாயின் ஃபத்தே வயலில் 1969இல் கடல் அடித்தளத்தில் நிறுவிய தொட்டிக்கு அடிப்பக்கமே கிடையாது. கவிழ்த்து வைத்த புனல் போன்ற அது ஐந்து லட்சம் பீப்பாய் கொள்ளும். எண்ணெய் உள்ளே வர வர நீர் அடியால் வெளியேறும், எண்ணெயை எடுக்க எடுக்க நீர் திரும்பி வரும். அழுத்தச் சமநிலை குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு வடகடலில் இருந்த பிரெண்ட் ஸ்பார் சான்று. மூன்று லட்சம் பீப்பாய் கொள்ளும் அந்த மிதவைக் கிடங்கின் ஆறு தொட்டிகளுள் இரண்டு, உள்ளும் புறமும் அழுத்த வேறுபாடு அளவு மீறியதால் சேதமடைந்தன. 1995இல் அதை ஆழ்கடலில் மூழ்கடிக்க முயன்றபோது எழுந்த பெரும் எதிர்ப்பைப் பலரும் அறிவார்கள்.

நீரும் எண்ணெயும் தொடும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகும் என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். அவற்றில் சில நீரிலுள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அது எஃகை அரிக்கும், மனிதருக்கும் நச்சு. இத்தகைய தொட்டிக்குள் காற்றைச் சோதிக்காமல் யாரும் இறங்கக் கூடாது.

செய்முறைக்கு வாய் குறுகிய கண்ணாடிப் பாட்டில், இரண்டு துளையிட்ட ரப்பர் அடைப்பான், இரண்டு குழாய்கள், ஒரு புனல் போதும். தீப்பற்றும் எண்ணெய் வேண்டாம், நல்லெண்ணெயே ஏற்றது. பாட்டிலை எண்ணெயால் நிரப்பி, ஒரு குழாயை அடிவரை இறக்கிப் புனலோடு இணையுங்கள். மற்றதை அடைப்பானுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, வெளிமுனையை மேல்நோக்கி நீட்டி வையுங்கள். புனலில் வண்ணம் கலந்த நீரை ஊற்றுங்கள். எண்ணெயின் ஒப்படர்த்தி சுமார் 0.92. நீரும் எண்ணெயும் சந்திக்கும் மட்டத்திலிருந்து புனலின் நீர்மட்டம் 50 செ.மீ. உயரத்தில் இருந்தால், எண்ணெய் அதே மட்டத்திலிருந்து 54 செ.மீ. வரை ஏறும். ஊற்றிய நீரைவிட 4 செ.மீ. உயரத்தில் எண்ணெய் நிற்பதைப் பார்த்ததும் மாணவர்கள் காரணம் கேட்பார்கள். அப்போது கணக்கைப் பலகையில் எழுதலாம். எண்ணெயைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்து, ஒவ்வொரு முறையும் புனலின் நீர்மட்டத்தைப் பழைய குறிக்கே கொண்டுவந்து அளந்தால், பாட்டிலுக்குள் நீர் ஏற ஏற அந்த 4 செ.மீ. குறைந்துகொண்டே வருவதையும் காண்பார்கள்.