ஆர்க் மோட் தமிழாக்கம்: ஷெட்யூல்டுக்கு ‘அட்டவணையிட்டது’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். குறிப்புகளையும் செய்ய வேண்டிய வேலைகளையும் உரைக்கோப்பில் எழுதிவைக்க உதவும் ஆர்க் மோட் கருவியின் தமிழாக்கத்துக்கு இந்த இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன:

> ஷெட்யூல்டு – அட்டவணையிட்டது
> டெட்லைன் – இறுதி நாள்

இரண்டாவதைக்கூட விட்டுவிடலாம். முதலாவது பயனரை நிச்சயம் குழப்பும்.

ஆர்க் மோடில் அட்டவணை என்றால் கோடு போட்டு வரையும் டேபிள்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், மூலச் சொல்லே சரியாக அமையவில்லை. ஷெட்யூல்டு என்றதும் யாரையோ சந்திக்க நேரம் குறிப்பதாகத்தான் நினைக்கத் தோன்றும். பல் மருத்துவரிடம் போகும் நாளை அதில் போட்டுவிட்டு, போய் வந்த பிறகும் அது ஏன் தினமும் வந்து நிற்கிறது என்று புதியவர்கள் முழிப்பார்கள். சந்திப்புக்கு வெறும் நாட்குறி (தேதியை மட்டும் எழுதுவது) போதும் என்று ஆர்க்கின் கையேடே இதைத் தனியாகச் சொல்லி எச்சரிக்கிறது. ஷெட்யூல்டு என்பது ஒரு வேலையை என்றைக்குக் கையில் எடுக்கப் போகிறோம் என்ற குறிப்பு. முடிந்தது என்று குறிக்கும்வரை அது ஒவ்வொரு நாளும் பட்டியலில் ஒட்டிக்கொண்டே வரும்.

கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தொடங்கிய கருவி இது. ஆங்கிலப் பயனர்கள் இருபது ஆண்டுக்கு மேலாக அந்தச் சொல்லோடு பழகிவிட்டார்கள், இனி மாற்றச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். நமக்கு அந்தத் தளை இல்லை.

என் பரிந்துரை: தொடங்குநாள், கெடு.

‘தொடக்க நாள்’ என்றால் விழாவோ கண்காட்சியோ தொடங்கும் நாள் போல ஒலிக்கிறது. தொடங்குநாள் என்று வினைத்தொகையாக வைத்தால் ‘நீ தொடங்கு’ என்ற தொனி அதிலேயே இருக்கிறது. கெடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘கெடு விதித்தார்’, ‘கெடு முடிந்தது’ என்று நாளிதழ்களில் தினமும் படிக்கிறோம். அந்தச் சொல் கொஞ்சம் மிரட்டலாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கட்டும், அதுதான் வேண்டும். கெடு வெளியிலிருந்து வருவது; தொடங்குநாள் நாமே வைத்துக்கொள்வது. வருமான வரிக் கணக்குக்கு ஜூலை 31 என்பது கெடு. 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடிப்போம் என்பது தொடங்குநாள். எதையும் மாற்றாவிட்டால் ஆர்க் கெடுவுக்கு 14 நாள் முன்பே எச்சரிக்கத் தொடங்கும், அதாவது 17ஆம் தேதியிலிருந்தே. தொடங்குநாளோ அந்த நாள் வந்த பிறகுதான் தலைகாட்டும். இரண்டும் இப்படி வேறு வேறாக நடந்துகொள்வதற்குக் காரணம் சொல்லிலேயே தெரிந்துவிட்டால் பாதி விளக்கம் மிச்சம்.

(எடுநாள், கெடுநாள் என்று எதுகையாக வைக்கலாமே என்ற ஆசை எனக்கும் வந்தது. ‘கெடுநாள்’ என்று திரையில் பார்த்தால் ராகு காலம் போல இருக்கிறது. விட்டுவிட்டேன்.)

இனி இடைமுகம். நாளைக் கேட்கும்போது ஆர்க் அந்த ஒற்றைச் சொல்லைப் போட்டு, பக்கத்தில் தேதி, நேரம் என்று மட்டும் கேட்கிறது. எல்லாச் சுமையும் அந்தச் சொல்லின் தலையில். தமிழில் அங்கே பெயர்ச்சொல்லை வைக்காமல் ‘என்று தொடங்குவீர்கள்?’, ‘என்றைக்குள் முடிய வேண்டும்?’ என்று கேள்வியாகவே வைக்கலாம். சந்திப்பு நாளைப் போட வந்தவர் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார்.

அடுத்தது நாள்பட்டியலில், அதாவது வேலைகளைத் தேதிவாரியாகக் காட்டும் அஜெண்டாவில், தெரியும் முன்னொட்டு. திங்களுக்குப் போட்ட வேலையைத் தொடாவிட்டால் செவ்வாயன்று ‘ஷெட். 2எக்ஸ்’ என்று காட்டும். எதன் இருமடங்கு என்று கேட்கத் தோன்றும்! அந்த எண் கடந்துபோன நாட்களின் எண்ணிக்கை அல்ல, இது எத்தனையாவது நாள் என்பது. ‘2ஆம் நாள்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. கெடு நெருங்கும்போது ‘இன்னும் 5 நாள்’, தாண்டிய பிறகு ‘3 நாள் தாமதம்’. இவை எல்லாமே பயனர் அமைப்பில் மாற்றக்கூடிய மாறிகள் என்பதால், மூலநிரலைத் தொடாமல் இன்றைக்கே போட்டுப் பார்க்கலாம். சுருக்கமாக வைப்பது நல்லது. தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் இல்லாததால் நீளமான சொல் வந்தால் பத்திகளின் வரிசை கலைந்துவிடும்.

ஒரு எல்லை வேண்டும். கோப்புக்குள் இருக்கும் ஷெட்யூல்டு, டெட்லைன் என்ற குறிச்சொற்களைத் தமிழாக்கக் கூடாது. ஆர்க் கோப்புகளைப் படிக்கும் ஆர்க்ஸ்லி (கைபேசிச் செயலி), பாண்டாக் (கோப்பு வடிவம் மாற்றும் கருவி) போன்றவை அவற்றை ஆங்கிலத்தில்தான் தேடும். வேலையின் நிலையைக் காட்டும் டூடூ, டன் இரண்டும் வேறு கதை. கோப்பின் தலையில் ஒரு வரி சேர்த்தால் செய், முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வரியை எல்லாச் செயலிகளும் படிக்கும் என்று சொல்ல முடியாது, சிலவற்றில் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

தலைப்புகளை மூடவும் திறக்கவும் முன்வைத்த மடக்கு, விரி இரண்டும் சரி. ஒரு பதிவை வேறு தலைப்பின் கீழ் நகர்த்தும் ரீஃபைலுக்கு ‘மறுகோப்பிடு’ வேண்டாம், ‘இடம் மாற்று’ போதும்.

அஜெண்டாவுக்கு மட்டும் எனக்கு இன்னும் மனம் நிறையவில்லை. ‘நிகழ்ச்சி நிரல்’ என்றால் கூட்டம் நடத்துவது போல இருக்கிறது, ‘நிரல்’ என்று சுருக்கினால் அது ப்ரோகிராம் ஆகிவிடுகிறது. இந்த மடலில் ‘நாள்பட்டியல்’ என்று எழுதியிருக்கிறேன், ஆனால் வாரக் காட்சியையும் நாள்பட்டியல் என்று அழைக்க முடியுமா? ‘பணிப்பட்டியல்’ என்றால் டூடூ பட்டியலோடு மோதும். யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.