டெல்டாவில் வீட்டுக்கு நிலநடுக்கக் காப்பீடு வேண்டுமா?

மன்னைவாசி:
மன்னார்குடி பக்கம் புது வீடு கட்டி முடித்துவிட்டோம். தரைத்தளம் மட்டும், ஆயிரம் சதுர அடி, கான்கிரீட் கூரை. கலிபோர்னியாவில் இருக்கும் மைத்துனர், நிலநடுக்கத்துக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள் என்று ஒரே பிடியாக நிற்கிறார். அப்பாவோ, "ஆயிரம் வருஷமாகப் பெரிய கோயில் அசையாமல் நிற்கிறது, நம் ஊருக்கு எதற்கு அதெல்லாம்?" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வெண்ணாறு:
அப்பா சொல்வதுதான் சரி. நம் பகுதி 2002-இல் திருத்திய நில அதிர்வு வரைபடத்தில் மண்டலம் 2, அதாவது நாட்டிலேயே ஆபத்து குறைந்த பிரிவு. சென்னையும் கோவையும்கூட அதில் மண்டலம் 3. வராத ஒன்றுக்காக வருஷா வருஷம் ஏன் பணம் கட்ட வேண்டும்? அதை வீட்டுப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள்.

கொள்ளிடக்கரை:
வெண்ணாறு அண்ணே, மண்டலம் 2 என்றால் வராது என்று அர்த்தம் இல்லை. மகாராஷ்டிராவின் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 அதிகாலை நடந்ததைப் பாருங்கள். அன்றைய வரைபடத்தில் அந்த இடம் மண்டலம் 1, நம்மைவிடவும் கீழே. ஒன்பதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். 2002-இல் வரைபடத்தைத் திருத்தியபோது மண்டலம் 1 என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் ஐந்தரை அளவில் ஒன்று வந்தது. நாம் இருப்பது பாறைமேல் அல்ல, ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்மேல். வண்டல் அதிர்வைக் கூட்டித்தான் காட்டும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் மணற்பாங்கான இடமென்றால், பலமான அதிர்வில் மண்ணே குழம்பிப்போகும். பூஜ் நிலநடுக்கத்தின்போது கட்ச் பகுதியில் அப்படித்தான் ஆனது.

செங்கல்சூளை:
நான் கட்டடப் பொறியாளர், தஞ்சாவூர். முதலில் கோயில் விஷயம். பெரிய கோயில் கருங்கல்லை அடுக்கி, அகன்ற அடித்தளத்தின்மேல் எழுப்பியது. அது நிற்பதை வைத்து நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நிற்கும் என்று சொல்ல முடியாது. கில்லாரியில் ஆட்களைக் கொன்றது மண் சாந்தில் கட்டிய கனத்த கல் சுவர்கள்தான். அதனால் முதலில் வீட்டின் கட்டுமானத்தைப் பாருங்கள்: பிளிந்த் பீம், அதாவது அடித்தளத்துக்கு மேல் தரை மட்டத்தில் ஓடும் கான்கிரீட் உத்திரம், போட்டிருக்கிறதா, லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னல்களுக்குச் சற்று மேலே, கான்கிரீட் பெல்ட் நாலு பக்கமும் விடாமல் ஓடுகிறதா? பல மேஸ்திரிகள் ஜன்னலுக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டு விட்டுவிடுகிறார்கள். எந்த பாலிசியும் உயிரைக் காப்பாற்றாது, அந்த பெல்ட் காப்பாற்றும்.

இரண்டாவது, மைத்துனர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. கலிபோர்னியாவில் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கம் சேராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். இழப்பு வந்தால் காப்பீட்டுத் தொகையில் 5 முதல் 25 சதவீதம் வரை வீட்டுக்காரர் தலையில் விழும். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசி வந்திருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். நிலநடுக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பேசுவதே இங்கே பொருந்தாது. வீட்டுக் காப்பீடு வேண்டுமா, வேண்டாமா? அதை முடிவு செய்தால் போதும்.

வெண்ணாறு:
அதையும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கஜா புயலில் என் சித்தப்பா வீட்டு ஓடு முழுக்கப் பறந்தது. பாலிசி வைத்திருந்தார். சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வந்து பார்த்துவிட்டு, வீட்டின் மதிப்பைக் குறைத்துக் காட்டியிருக்கிறீர்கள் என்று பாதிதான் கொடுத்தார்கள். டெல்டாவில் நமக்குள்ள உண்மையான தொல்லை சுவர் விரிசல். கோடையில் களிமண் வெடித்து, மழையில் ஊறி, புது வீடுகூட இரண்டு வருஷத்தில் பிளக்கிறது. அதற்குக் காசு தருவார்களா? ஆற்றங்கரை அரித்துக்கொண்டு போனால் தருவார்களா?

செங்கல்சூளை:
தர மாட்டார்கள், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. புது வீடு இறங்கி அமர்வதால் வரும் விரிசல், நிரப்பிய மண் இறங்குவது, கடல் ஆறு அரிப்பு, மோசமான கட்டுமானம் எல்லாம் அந்த பாலிசியில் விலக்கு. குளத்தைத் தூர்த்து மனை போட்ட இடங்களில் வீடு கட்டியவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆனால் சித்தப்பாவுக்கு நேர்ந்தது பழைய பாலிசிகளின் விதி. மதிப்பைக் குறைத்துக் காட்டியதற்காக விகிதம் போட்டுக் கழிப்பதை இந்தப் புதிய பாலிசியில் எடுத்துவிட்டார்கள்.

கடைமடை:
நான் வேதாரண்யம். அண்ணன்மார்கள் மண்டலம் 2, 3 என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2004 டிசம்பர் 26-இல் நிலம் நடுங்கியது சுமத்ராவில். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதை எந்த மண்டலத்தில் சேர்ப்பது? 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பிறகு கஜா கரையேறியபோது எங்கள் தெருவில் கூரை தங்கிய வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். அரசு நிவாரணம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதை வைத்துச் சாப்பாட்டுக்கும் தார்ப்பாய்க்கும் சமாளித்தோம், வீட்டைத் திருப்பிக் கட்ட முடியவில்லை. நகையை வைத்துக் கட்டியவர்கள் இன்னும் வட்டி கட்டுகிறார்கள். என் வீட்டுக்கு இப்போது பாலிசி இருக்கிறது. நிலநடுக்கத்துக்காக எடுக்கவில்லை, ஐப்பசி கார்த்திகையை நினைத்து எடுத்தேன்.

மன்னைவாசி:
தங்கச்சி சொல்வது புரிகிறது. வங்கிக் கடன் வாங்கும்போதே ஏதோ இன்சூரன்ஸ் என்று பணம் பிடித்தார்களே, அது போதாதா? எவ்வளவு தொகைக்கு எடுக்க வேண்டும்?

கொள்ளிடக்கரை:
அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். பல பேருக்கு அது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு, வீட்டுக்கானது அல்ல. தொகையைப் பொறுத்தவரை மனை விலையைச் சேர்க்காதீர்கள், திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும்தான் கணக்கு. சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் உங்களுக்கு 22 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பட்டியல் கொடுக்காமலே சேர்ந்துவிடும். உங்களுக்கு 4 லட்சத்து 40 ஆயிரம். நகைக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

வெண்ணாறு:
கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் எடுக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. என் வீடு மேட்டில் இருக்கிறது, வெள்ளம் ஏறியதில்லை, கூரையும் கான்கிரீட். நான் எடுக்கப் போவதில்லை. மன்னார்குடியும் கடலோரம் இல்லை என்பதை மன்னைவாசி யோசிக்க வேண்டும்.

கடைமடை:
கஜா மன்னார்குடியையும் விடவில்லையே அண்ணே. தென்னை சாய்ந்து விழுந்து எத்தனை வீட்டுச் சுவர் போனது!

குடந்தை:
இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீடு கோயில் மனையில் இருக்கிறது. அடிமனை வாடகை கட்டுகிறோம், கட்டடம் மட்டும் எங்களுடையது. எங்களால் எடுக்க முடியுமா?

செங்கல்சூளை:
காப்பீடு கட்டடத்துக்குத்தான், நிலத்துக்கு இல்லை. அதனால் கேட்டுப் பார்க்கலாம். நிலம் கோயிலுடையது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள், மறைக்க வேண்டாம். வீட்டு வரி ரசீதும் அடிமனை வாடகை ரசீதும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தால், பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுப் போங்கள்.