மேலத்தெரு சொந்தங்கள் குழு: காலண்டர் கடை இன்சூரன்ஸ்

சண்முகம் மாமா (8:12)
மக்கா, வெள்ளத்துக்கு உள்ள இன்சூரன்ஸ் துட்டு வந்துட்டு. கேட்டது 8,60,000. வந்தது 5,16,000. 'முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டேன்'னு வவுச்சர்ல கையெழுத்துப் போட்டாத்தான் விடுவோம்னுட்டாவ. சிவகாசிக்கு 2025 காலண்டருக்கு முன்பணம் கட்டணும், பேங்க் வட்டி வேற. நேத்து போட்டுக் குடுத்துட்டேன்.

ராஜா (8:15)
மூணரை லட்சத்தை எப்படி மாமா கழிச்சாங்க?

சண்முகம் மாமா (8:21)
சால்வேஜுன்னு, நட்டத்தை மதிப்புப் போட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் மூணுல ஒரு பங்கைத் தள்ளிட்டாரு. நனைஞ்ச காலண்டருக்கும் விலை உண்டாம். 2023 டிசம்பர் 18, திருநெல்வேலி ஜங்ஷன் கடையில பாதி ஷட்டருக்கு ஆத்துத் தண்ணி. 2024 காலண்டர் கட்டுக் கட்டா உப்பிப் போய், ஒரு அட்டையில உள்ள முருகன் சாயம் அடுத்த அட்டையில ஒட்டிக் கிடந்துச்சு. பிரிச்சா தாளு கையோட வருது. பழைய பேப்பர்காரரே வேண்டாம்னுட்டுப் போனாரு.
அப்புறம், சரக்கு 11 லட்சத்துக்கு இருந்துச்சாம், பாலிசி 10 லட்சத்துக்குத்தானாம். அதுக்கு ஒரு கழிவு.

செல்வி (8:30)
மாமா, பாலிசி பேரு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷாதானே?

சண்முகம் மாமா (8:31)
ஆமாம்மா.

செல்வி (8:34)
அப்ப அந்த ரெண்டாவது கழிவே தப்பு. அந்தப் பாலிசியில 15 சதவீதம் வரைக்கும் தொகை குறைச்சுப் போட்டிருந்தாலும் கழிக்கக் கூடாது. உங்களுக்கு 9 சதவீதம்தான் குறையுது.

ராஜா (8:35)
கையெழுத்துப் போட்டாச்சே, இனி கோர்ட்டுல நிக்குமா?

செல்வி (8:41)
நிக்கும். அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் வழக்குல 1999லயே உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு: வவுச்சர்ல கையெழுத்து இருக்குங்கிற ஒண்ணுக்காக உரிமை போயிடாது. ஏமாத்தியோ நெருக்கியோ வாங்கியிருந்தா மீதியைக் கேக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐயோட 2015 சுற்றறிக்கையும் இதைத்தான் சொல்லுது.
ஆனா நல்லா கவனிங்க. 2014ல ஜீனஸ் பவர் வழக்குல, 'நெருக்குனாங்க'ன்னு வெறுமனே சொன்னா போதாதுன்னு தள்ளிட்டாங்க. ஆதாரம் வேணும். மாசக்கணக்கா சும்மா இருந்துட்டுப் போனா யாரும் நம்ப மாட்டாங்க. அதனால இன்னைக்கே மெயில் போடணும்.

கணேசன் பெரியப்பா (8:47)
ஏட்டி செல்வி, யாவாரிக்கு நுகர்வோர் கோர்ட்டு கிடையாதுன்னு சங்கத்துல பேசிக்கிட்டாவளே?

செல்வி (8:52)
அதை நம்பித்தான் பெரியப்பா பாதிப் பேரு குடுத்ததை வாங்கிட்டுப் போயிடுதாங்க. எனக்கு அதுதான் வயிறு எரியுது. 2023 ஏப்ரல்ல ஹர்சோலியா மோட்டார்ஸ் தீர்ப்பு வந்துட்டு. 2002 குஜராத் கலவரத்துல சேதமான வாகன ஷோரூம். இன்சூரன்ஸ் எடுக்கது நட்டத்தை ஈடுகட்ட, லாபம் சம்பாதிக்க இல்ல, அதனால யாவாரியும் நுகர்வோர்தான்னு உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு.

சண்முகம் மாமா (8:55)
வழக்குன்னா சென்னைக்கு அலையணுமே தாயீ. செலவு?

செல்வி (8:59)
வேண்டாம் மாமா. 2019 சட்டப்படி நம்ம திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம். கட்டுன பிரீமியம் 5 லட்சத்துக்குள்ளதான், மனுக் கட்டணமே கிடையாது. 2 வருசத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான். இதை மெயில்ல அனுப்புங்க:

'கடன் நெருக்கடியால், பணம் கிடைக்க வேறு வழியின்றி வவுச்சரில் கையெழுத்திட்டேன். இதை முழுத் தீர்வாக ஏற்கவில்லை. மீதித் தொகையைத் தரவும். சர்வே அறிக்கையின் நகலையும் அனுப்பவும்.'

சண்முகம் மாமா (9:20)
அனுப்பியாச்சு.

செல்வி (9:22)
சிவகாசி பில்லு, ஜிஎஸ்டி கணக்கு, பேங்குக்குக் குடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் எடுத்துட்டு சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க. சிவகாசிக்காரங்க முன்பணம் கேட்டு அனுப்புன மெசேஜை அழிச்சிராதீங்க, நெருக்கடிக்கு அதுதான் சாட்சி.

கோமதி அத்தை (9:25)
செல்வி, அன்னைக்கு எடுத்த போட்டோ பூரா என் போன்ல கிடக்கு. இப்பவே அனுப்புதேன்.