அம்பாசிடர் 1489 பெட்ரோல் என்ஜின்: ரீபில்ட் முடிந்தது, முதல் ஸ்டார்ட் எப்படிச் செய்வது?

காரைக்குடி அம்பி:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி மார்க் 2 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல், ரொம்ப காலமாக ஷெட்டில் கிடந்தது. என்ஜினை இறக்கி போரிங், கிராங்க் கிரைண்டிங், புது பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் முடித்துத் திரும்ப ஏற்றியாகிவிட்டது. கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் உள்ள தண்டு) பழையதுதான், தேய்மானம் இல்லை என்று லேத்தில் சொன்னார்கள். அந்த மேடுகள் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் டேப்பட் எட்டும் புதுசு. இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

மெக்கானிக் அண்ணன் சொல்வது: ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்லோவில் (ஐடிலிங்கில்) அரை நாள் ஓட விடணும், அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று பழகும். வீடியோக்களில் பார்த்தால் நேர் எதிர். எடுத்த எடுப்பிலேயே 2000 ஆர்பிஎம்மில் வைக்கிறார்கள், அதற்கு முன்னால் டெல்கோவை (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டர்) கழற்றி அந்த ஓட்டையில் டிரில் மெஷினை விட்டு ஆயில் பம்பைச் சுற்றுகிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது? டிரில் விஷயம் நம் வண்டிக்கு ஆகுமா?

பி சீரிஸ் பித்தன்:

டிரில்லை எடுத்து உள்ளே வையுங்கள். அது செவர்லே வி8 மாதிரி அமெரிக்க என்ஜின்களுக்கு. அதில் டெல்கோ தண்டின் அடி நுனிதான் பம்பைச் சுற்றும். நம்முடையது மோரிஸ் ஆக்ஸ்போர்டோடு வந்த பிஎம்சி பி சீரிஸ். இதில் பம்புக்கு கேம்ஷாஃப்டிலிருந்து தனி டிரைவ், டெல்கோவுக்குத் தனி டிரைவ், அந்த ஓட்டையில் என்ன விட்டுச் சுற்றினாலும் பம்ப் அசையாது.

பம்பை மாட்டும்போது உள்ளே வாசலின் அடைத்தார்களா என்று அண்ணனிடம் கேளுங்கள். காய்ந்த பம்ப் சம்ப்பிலிருந்து (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) எண்ணெயை இழுக்காமல் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும், வாசலின் இருந்தால் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். அடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, ஆயில் பிரஷர் குழாயைக் கழற்றி அந்தத் துளை வழியாக எண்ணெய்க் கேனால் அழுத்தி ஏற்றலாம். ஃபில்டர் கிண்ணத்தையும் எண்ணெய் ஊற்றி மாட்டுங்கள். அப்புறம் நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, முதலில் கைப்பிடி போட்டு நாலைந்து சுற்று கையால் சுற்றுங்கள். எங்காவது இடித்தால் கைக்குத் தெரியும், செல்ஃபுக்குத் தெரியாது. பிறகு செல்ஃபை விட்டு விட்டு அடியுங்கள், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம், சூடாகிவிடும். ஆயில் பிரஷர் கேஜில் முள் ஏறும் வரை, மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கர் ஷாஃப்டில் எண்ணெய் கசிந்து வரும் வரை இதேதான். பழைய டேஷ்போர்டு கேஜை நம்பாதீர்கள், ஒரு மெக்கானிக்கல் கேஜ் வாங்கி மாட்டுங்கள். முள் ஏறாமல் இக்னிஷன் பக்கமே போகக் கூடாது.

ஸ்லோவில் ஓட விடும் பேச்சுக்கு வருகிறேன். கேமும் டேப்பட்டும் உரசும் இடத்துக்கு பி சீரிஸில் தனியாகப் பிரஷர் எண்ணெய் போவதில்லை, பெரும்பாலும் கிராங்க் வீசியடிக்கும் எண்ணெயில்தான் அது நனைகிறது. ஸ்லோவில் வீச்சு குறைவு. புது டேப்பட் கேமோடு முகம் பழகும் அந்த நேரத்தில் எண்ணெயும் இல்லை என்றால் கேமின் மேடு (லோப்) தேய்ந்து போய்விடும். அதனால் ஸ்டார்ட் ஆனவுடன் 1500-லிருந்து 2000 ஆர்பிஎம்முக்குள் ஏற்றி இறக்கி ஒரு இருபது நிமிஷம். சூடு ஏறினால் அணைத்து ஆறவிட்டு மறுபடி தொடருங்கள், ஸ்லோவில் மட்டும் விடாதீர்கள்.

ராயபுரம் டாக்ஸி:

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். எங்கள் மாமா ஷெட்டில் எத்தனை டாக்ஸி என்ஜின் இறங்கி ஏறியிருக்கும், எல்லாமே ஸ்லோவில்தான் ஓட விடுவார்கள், ரேடியேட்டரில் தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த வண்டிகள் எல்லாம் வருஷக்கணக்கில் ஓடின. புத்தகத்தில் படித்துவிட்டு அண்ணனைக் குறை சொல்வது சுலபம்.

பி சீரிஸ் பித்தன்:

அண்ணனை நான் குறை சொல்லவில்லை, அவர் கை வேலை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் டாக்ஸி ஷெட்டில் பெரும்பாலும் ரிங், பேரிங் மட்டும்தானே மாற்றுவார்கள்? கேமும் டேப்பட்டும் ஏற்கெனவே பழகிய ஜோடி. எந்த டேப்பட் எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதே குழிக்குப் போனால் கேமுக்கு ஸ்லோ ஒன்றும் செய்யாது. இவர் போட்டிருப்பது புது டேப்பட். அதோடு ரிங்குக்கும் ஸ்லோ ஆகாது. சிலிண்டரில் எரியும் வாயுவின் அழுத்தம் பின்னாலிருந்து தள்ளினால்தான் ரிங் சிலிண்டர் சுவரோடு உட்காரும், ஸ்லோவில் அந்த அழுத்தம் போதாது, சுவரில் ஹோன் செய்த (தேய்த்துப் போட்ட) கோடுகள் கண்ணாடி மாதிரி மழுங்கிவிடும். பிறகு காலம் முழுக்க எண்ணெய் குடிக்கும் வண்டி. அப்படி எண்ணெய் குடித்த டாக்ஸிகளை நாம் எல்லோரும்தான் பின்னால் நின்று பார்த்திருக்கிறோமே.

திருப்பூர் சோலெக்ஸ்:

எண்ணெய்ப் பக்கம் அவர் சொல்லிவிட்டார். என் கவலை வேறு: 1500-ல் வைக்க வேண்டும் என்றால் முதலில் சட்டென்று பற்ற வேண்டும். பற்றாமல் பத்து நிமிஷம் செல்ஃப் அடித்தால் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும், கேமில் பூசிய கிரீஸும் வழிந்துபோகும். பற்றாததற்கு நான் அதிகம் பார்த்த காரணம் டெல்கோ அரைச் சுற்று மாறி உட்கார்ந்திருப்பது. ஒன்றாம் பிஸ்டன் மேலே இருந்தால் போதாது, கம்ப்ரஷனில் மேலே வர வேண்டும். நாலாம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தால் ஒன்றாவது நெருப்புக்குத் தயார். சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-4-2, டெல்கோவுக்குள் இருக்கும் ரோட்டார் இடப்பக்கமாகச் சுற்றும். டெல்கோவின் பாயிண்ட் கேப் 15 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்து, ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டி, பாயிண்ட் பிரியும் நொடியில் பல்பு எரியும்படி டெல்கோவைத் திருப்பி இறுக்குங்கள்.

டேப்பட் கேப்புக்கும் ஒரு சுலப வழி: கூட்டினால் ஒன்பது வர வேண்டும். எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரி செய்யுங்கள், ஏழு திறந்திருந்தால் இரண்டு, இப்படியே. அதுவும் 15 தௌதான்.

கார்ப்ரேட்டர் கிண்ணத்தை முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள். டேங்கில் கிடந்த பழைய பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள், இப்போது வரும் இ20 பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறி இளகிவிடும், சூடான மேனிஃபோல்டுக்கு மேல் ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

காரைக்குடி அம்பி:

ஸ்டார்ட் ஆகிவிட்டது! பிளக் இல்லாமல் அடித்தபோதே முள் ஏறியது. பிளக் மாட்டி சோக் இழுத்ததும் உடனே பிடித்துக்கொண்டது, பிரஷர் 50 பிஎஸ்ஐ-யை ஒட்டி நின்றது. அண்ணனே ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகத்தில் மட்டும் சம்மதம் இல்லை. முதலில் நீலப் புகை கொஞ்சம், பிறகு குறைந்தது. ஆனால் கிளட்ச் ஹவுசிங் அடியில் எண்ணெய் சொட்டு சொட்டாக வருகிறது. மறுபடி இறக்கணுமா?

பி சீரிஸ் பித்தன்:

வாழ்த்துகள். புகை, என்ஜினைப் பூட்டும்போது பூசிய எண்ணெய் எரிவது, போய்விடும். சொட்டுக்காக இறக்காதீர்கள். மூன்று மெயின் பேரிங் உள்ள இந்த என்ஜினில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது, எண்ணெயைத் திருப்பி அனுப்ப ஒரு திருகு வரிதான், அணைத்த பிறகு நாலைந்து சொட்டு அதன் பிறவிக் குணம். ஓடும்போது தாரையாக ஒழுகினால் மட்டும் கவலைப்படுங்கள். பக்கவாட்டு டேப்பட் கவர் கேஸ்கெட்டையும் ஒரு தடவை பாருங்கள், அங்கிருந்து வழிந்து பின்னால் வந்தும் ஏமாற்றும்.

இந்த எண்ணெயை இப்போதே வடித்துவிட்டு 20டபிள்யூ50 மினரல் ஊற்றுங்கள், சிந்தெடிக் இப்போது வேண்டாம். ஆறியபின் ஹெட் நட்டுகளை வரிசைப்படி டார்க் ரெஞ்ச் போட்டு இறுக்கம் மறுபடி பார்த்து, அதற்குப் பிறகு டேப்பட் கேப்பும் பார்க்க வேண்டும், ஹெட் இறங்கினால் கேப்பும் மாறும். பிறகு தேவகோட்டை ரோட்டில் எடுத்துப் போய் மூன்றாம் கியரில் 30-லிருந்து 50 கிலோமீட்டர் வேகம் வரை அழுத்துங்கள், காலை எடுத்துத் தானாக இறங்க விடுங்கள், திரும்பத் திரும்ப இதே. நாலாம் கியரில் போட்டு முக்க விடாதீர்கள். 500 கிலோமீட்டரில் மறுபடி எண்ணெய், ஃபில்டர்.