மழைக்காலத்துக்கு எந்த சைக்கிள் பிரேம்? இரும்பா, அலுமினியமா?

கேள்வி (வேளாங்கண்ணி):
நாகப்பட்டினத்துக்கு தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஒரு வழிக்கு சுமார் 12 கிலோமீட்டர். ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழிப் பனி முடியும்வரை வண்டி சரியாகக் காய்வதே இல்லை, கடற்காற்று வேறு. ஆறு வருடம் ஓட்டிய இரும்பு பிரேம் போன வாரம் பி.பி. கப் (பெடல் அச்சு உட்காரும் அடிக்குழாய்) பக்கத்தில் விரிசல் விட்டுவிட்டது. வெல்டிங் வைத்தால் தாங்குமா? புதிது வாங்கினால் எதை வாங்க? கடையில் முன்பக்கம் ஷாக் வைத்த வண்டியைத்தான் காட்டுகிறார்கள்.

பதில் (திருவாரூர்):
தம்பி, முதலில் சீட் கம்பியை உருவிவிட்டு பிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். என் வண்டியைக் கவிழ்த்தபோது டிகாக்‌ஷன் நிறத்தில் அரை டம்ளர் தண்ணீர் துருத்தூளோடு கொட்டியது. சீட் கம்பி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் பி.பி.யில்தான் போய்த் தங்கும். அப்புறம் குழாய் உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும்.

கேட்டவர்:
கவிழ்த்தேன் அண்ணே. தண்ணீர் இல்லை, செதில் செதிலாகத் துரு விழுந்தது. விரிசல் ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் தகடு உள்ளே போகிறது.

பதில் (திருவாரூர்):
அப்படியென்றால் வெல்டிங் வேண்டாம். தகடு மெலிந்துவிட்டது, பற்றுக்குப் பக்கத்திலேயே மறுபடி விடும். 12 கிலோமீட்டர் ரோட்டில் பஸ்ஸுக்கு நடுவே அது விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பதில் (வேதாரண்யம்):
நான் உப்பளப் பக்கம். இங்கே இரும்பு நிற்காது, அலுமினியமே எடுங்கள். ஆனால் அதிலும் உப்பு வேலை காட்டும். இரும்பு சீட் கம்பி அலுமினியக் குழாய்க்குள் உப்பு ஈரத்தோடு கிடந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எனக்கு ஒரு தடவை கம்பியை அறுத்துத்தான் எடுக்க வேண்டியதாயிற்று. கம்பியில் கிரீஸ் தடவி, மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை உருவிப் போடுங்கள். ஷாக் வேண்டவே வேண்டாம். விலை குறைந்த ஷாக்கில் தண்ணீரும் மணலும் புகுந்தால் சீக்கிரம் துருப்பிடித்து இறுகிவிடும், பாரமும் கூட. ஷாக் இல்லாத நேர் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டை) போதும்.

அதைவிட முக்கியம் மட்கார்டு. முழு மட்கார்டு மாட்ட பிரேமிலும் ஃபோர்க்கிலும் திருகு ஓட்டை இருக்கிறதா என்று கடையிலேயே குனிந்து பாருங்கள். பி.பி.க்கு அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது. அதில் சேறு அடைக்காமல் குச்சியால் குத்திவிட வேண்டும்.

கேட்டவர்:
38 மி.மீ. அகல டயர் போடலாமா? எங்கள் தெருவில் நடவு முடியும்வரை டிராக்டர் சேறுதான்.

பதில் (வேதாரண்யம்):
போடலாம். ஆனால் டயருக்கும் பிரேமுக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாகப் போய் வர வேண்டும், மட்கார்டு மாட்டிய பிறகும். நம் களிமண் சேறு ஒட்டினால் சக்கரமே சுற்றாது. பணம் இருந்தால் டிஸ்க் பிரேக் எடுங்கள், சேற்று மணல் ரிம்மைத் தேய்க்காது.